மனச்சோர்வு மாத்திரை: தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் தெரிந்திருக்க வேண்டியவை

ரமளான் நான்காம் இரவு. தராவீஹ் தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து தலையைத் தூக்கினேன். மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்தது போல 'சுரீர்' என்றது. ஒரு நொடிதான். அடுத்த ரக்அத்தில் மறுபடியும். கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினாலே அதே அதிர்ச்சி. தொழுகையை முடிக்க முடியாமல் பின் வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு என்ன நடக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த பத்து நாட்கள் என் குடும்பம் பட்ட பாடு பட்டிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் இந்த மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுவதை ஊருக்கே சொல்லும் நாம், இதை மட்டும் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம். ஒளித்து வைத்த மருந்தைப் பற்றி யாரிடமும் கேட்கவும் முடிவதில்லை.

எப்படித் தொடங்கியது

பதினான்கு ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்தேன். வாப்பா மௌத்தானபோது ஜனாஸாவுக்கு வந்து சேர முடியவில்லை. அடுத்த ஆண்டு ஊரோடு வந்துவிட்டேன். கையிலிருந்ததைப் போட்டு ஒரு கடை தொடங்கினேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. எனக்கு மட்டும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் வராது. சாப்பாடு மண்ணாக இருந்தது. பிள்ளைகள் மடியில் வந்து உட்கார்ந்தாலும் எதுவும் தோன்றவில்லை. நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி என்ற எண்ணம் வந்து போக ஆரம்பித்தபோது பயந்துபோனேன். மனைவியிடம் சொன்னேன். அவள்தான் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

மருத்துவர் எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கி 10 மில்லிகிராமாக்கினார். முதல் பத்து நாட்கள் வயிற்றைப் பிரட்டியது, படபடப்பு முன்பைவிடக் கூடியது. நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். ஆனால் இப்படி இருக்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப் பிடித்தேன். நான்காவது வாரத்தில் ஒரு நாள் ஃபஜ்ருக்கு அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். மூன்று மணிக்கு விழிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அங்கிருந்து மெல்ல மெல்ல மீண்டேன்.

இந்த மருந்துகள் என்ன செய்கின்றன?

இந்த வகை மருந்துகளின் கதையே காசநோய் வார்டில் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாசிட் என்ற மருந்து, நோயாளிகளின் மனநிலையை வழக்கத்துக்கு மாறாக உற்சாகப்படுத்தியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1987இல் அமெரிக்காவில் ஃபுளுவாக்ஸ்டின் அனுமதி பெற்றது. செர்ட்ராலின், பராக்ஸ்டின், எஸ்சிட்டலோப்ராம் ஆகியவையும் அதே குடும்பம். மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதை இவை தடுக்கின்றன.

'செரோடோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு, மாத்திரை அதை நிரப்புகிறது' என்ற எளிய விளக்கத்தைப் பலரும் கேட்டிருப்போம். அது அவ்வளவு எளிதல்ல. 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, மனச்சோர்வுக்குக் காரணம் செரோடோனின் குறைவுதான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. இதைக் காட்டி 'மருந்தே பொய்' என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. பாரசிட்டமால் குறைந்ததால் யாருக்கும் தலைவலி வருவதில்லை. ஆனாலும் பாரசிட்டமால் தலைவலியைக் குறைக்கிறது. 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 21 மருந்துகளை, 522 சோதனைகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. எல்லா மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பயன் தந்தன. ஆனால் அந்தக் கூடுதல் பலன் சராசரியாக நடுத்தர அளவுதான். சிலருக்கு வாழ்க்கையையே மீட்டுத் தரும். சிலருக்கு ஒன்றும் செய்யாது, வேறு மருந்து பார்க்க வேண்டியிருக்கும். மனம்விட்டுப் பேசும் ஆலோசனைச் சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடும்.

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு ஆறு வாரங்கள் ஆகும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். குமட்டல், தலைவலி, வியர்வை, தூக்க மாற்றம் போன்றவை பெரும்பாலும் தானே குறைந்துவிடும். தாம்பத்திய நாட்டம் குறைவது மட்டும் நீடிக்கலாம். இதைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் மனதுக்குள் சந்தேகப்பட்டுக்கொள்வது நம்மிடம் அதிகம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

வீட்டில் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இந்த மருந்தைத் தொடங்கினால் முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் தேவை. அந்த வயதினரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரிக்கை விடுத்தது. சிறுவர்களுக்கான அந்த எச்சரிக்கையை 2007இல் 24 வயது வரை நீட்டித்தது. மருந்தே கொடுக்கக் கூடாது என்பது இதன் பொருளல்ல. பிள்ளையைத் தனியே விடாமல், பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நான் செய்த தவறு

பதினோரு மாதங்கள் மாத்திரை சாப்பிட்டேன். நன்றாக இருந்தேன். நன்றாக இருந்ததுதான் பிரச்சினை. ரமளான் நெருங்கியது. 'நோன்பும் குர்ஆனும் திக்ரும் இருக்கும்போது மாத்திரை எதற்கு?' என்று ஒரு நண்பர் கேட்டார். என் மனதிலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவரைக் கேட்காமல், மனைவியிடமும் சொல்லாமல், முதல் நோன்பன்று மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் தலை சுற்றல். நான்காம் இரவு அந்த மின்னதிர்ச்சி. பிறகு இரவெல்லாம் பயங்கரமான, நிஜம் போன்ற கனவுகள். காய்ச்சலுக்கு முன் வருவது போல உடம்பெல்லாம் ஒரு வலி. காரணமில்லாமல் அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஒன்பதாம் நோன்பு இஃப்தாரில் கஞ்சியில் உப்பு கூடிவிட்டது என்று கிண்ணத்தைத் தூக்கி எறிந்தேன். என் மகள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் கண்ணில் தெரிந்த பயத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

உம்மா, "வாப்பா, உன்மேல யாரோ கண்ணு பட்டிருக்கு" என்றார்கள். ஓதிப் பார்ப்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். ஜின்னின் தீண்டல் என்று அவர் சொல்லிவிட்டார். மருத்துவர் கொடுத்ததையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னார். காசும் பெற்றுக்கொண்டார். அன்றிரவு மனைவிதான் அலமாரியில் தொடாமல் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள். "எப்ப நிறுத்துனீங்க?" என்று மட்டும் கேட்டாள். காலையில் மருத்துவருக்கு அவளே போன் செய்தாள்.

மருத்துவர் சொன்னது இதுதான்: "நோய் திரும்பவில்லை. மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த உபாதை. பழைய அளவையே மறுபடி தொடங்குங்கள்." இஃப்தாருக்குப் பிறகு ஒரு மாத்திரை போட்டேன். மூன்றாம் நாள் மண்டைக்குள் அந்த அதிர்ச்சி இல்லை.

நிறுத்தினால் ஏன் இப்படி?

மாதக்கணக்கில் ஒரு மருந்து உள்ளே இருக்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திடீரென்று அது இல்லாமல் போனால், மறுபடி சரிசெய்துகொள்ள அதற்கு நேரம் வேண்டும். இதை மதுவுக்கோ போதைக்கோ அடிமையாவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த மாத்திரைக்காக மனம் ஏங்குவதில்லை, நாளுக்கு நாள் அளவைக் கூட்டச் சொல்வதில்லை. ஆனால் உடல் பழகிவிடுகிறது என்பது உண்மை. 'இதனால் ஒன்றுமே ஆகாது, எப்போது வேண்டுமானாலும் விடலாம்' என்று சொல்வதும் சரியல்ல.

எல்லோருக்கும் இந்த உபாதை வருவதில்லை. 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓர் அறிகுறி வந்தது. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் சுமார் 17 சதவீதத்தினருக்கு வந்தது. அதாவது மருந்தினால்தான் என்று சொல்லத்தக்கது ஆறு, ஏழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வந்தது சுமார் 3 சதவீதத்தினருக்கு. அந்த ஆய்வில் சேர்ந்தவை பெரும்பாலும் குறுகிய காலம் மருந்து எடுத்தவர்கள் பற்றிய சோதனைகள். ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்கு இது கூடுதலாக இருக்கலாம்.

எந்த மருந்து என்பதைப் பொறுத்தும் மாறும். பராக்ஸ்டின், வென்லாஃபாக்சின் போன்றவை உடலிலிருந்து வேகமாக வெளியேறும். ஒரு நாள் மறந்தாலே சிலருக்குத் தெரிந்துவிடும். ஃபுளுவாக்ஸ்டின் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறும், அதனால் உபாதை குறைவு. என் பள்ளித் தோழர் ஒருவர் ஃபுளுவாக்ஸ்டினை மருத்துவர் சொற்படி ஒரு மாதத்தில் குறைத்து நிறுத்தினார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் என் கதையைச் சொன்னபோது நம்பவே மறுத்தார்.

உபாதையா, நோய் திரும்பியதா?

இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாததால் பலர் தேவையில்லாமல் மருந்தைத் தொடர்கிறார்கள். வேறு சிலர் தேவையான மருந்தை விட்டுவிடுகிறார்கள். பிரித்தறியச் சில அடையாளங்கள்:

• நிறுத்தும் உபாதை பெரும்பாலும் சில நாட்களுக்குள் தொடங்கும். நோய் திரும்புவதானால் பொதுவாகச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, மெல்ல மெல்ல வரும்.

• தலைக்குள் மின்னதிர்ச்சி, தலைசுற்றல், குமட்டல், தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை மருந்தை நிறுத்தியதன் அடையாளங்கள். முதன்முதலில் நோய் வந்தபோது இவை இருந்தனவா என்று யோசித்துப் பாருங்கள்.

• மருந்தை மறுபடி தொடங்கினால் உபாதை ஓரிரு நாட்களில் அடங்கும். நோய் என்றால் சரியாக வாரங்கள் ஆகும்.

பெரும்பாலானவர்களுக்கு உபாதை ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அவர்களிடம் 'எல்லாம் உங்கள் கற்பனை' என்று சொல்வது அநியாயம். இங்கிலாந்தின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரி 2019இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, இது சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டது.

எப்போது, எப்படி நிறுத்துவது?

நன்றாக உணரத் தொடங்கியதும் நிறுத்துவது சரியல்ல. முழுதாகக் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்வது வழக்கம். திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடருமாறு மருத்துவர் சொல்வார். இங்கிலாந்தில் நீண்டகாலமாக மருந்து எடுத்து நலமாக இருந்த 478 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56 சதவீதம். இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது. ஆனாலும் நிறுத்தியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் நன்றாகவே இருந்தார்கள். முடிவு ஒவ்வொருவர் நிலையையும் பார்த்து எடுக்க வேண்டியது.

நிறுத்துவது என்று முடிவானால் மெல்லக் குறைக்க வேண்டும். குறிப்பாகக் கடைசிப் படிகளை மிக மெல்ல. காரணம் எளிது. 20 மில்லிகிராம் சிட்டலோப்ராம், அது வேலை செய்யும் இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துவைக்கிறது. அளவை நான்கில் ஒரு பங்காக, 5 மில்லிகிராமாகக் குறைத்தாலும் பிடி 60 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குப் போவதுதான் பெரிய பள்ளம். மாடியிலிருந்து இறங்கும்போது மேற்படிகள் தாழ்வாகவும் கடைசிப் படி மட்டும் ஆள் உயரமாகவும் இருப்பது போல. 2019இல் இதை விளக்கி லண்டன் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கடைசிப் படிகளைச் சின்னச் சின்னதாக ஆக்கும் முறை பரவியது.

நோன்பு முடிந்த பிறகு மருத்துவர் எனக்குச் சொன்ன அளவு: ஒரு மாதம் ஏழரை மில்லிகிராம், ஒரு மாதம் ஐந்து, இரண்டு மாதம் இரண்டரை, கடைசியாக அதிலும் பாதி ஒரு மாதம். ஒவ்வொரு முறை குறைத்தபோதும் நான்கைந்து நாள் லேசான தலைசுற்றல் இருந்தது. நாட்குறிப்பில் எழுதிவைத்தேன், மனைவிக்கும் தெரியும். இந்த முறை யாரும் பயப்படவில்லை. மாத்திரை இல்லாமல் இப்போது ஒன்றரை ஆண்டு ஆகிறது. இது எனக்குச் சொன்ன கணக்கு. உங்களுக்கு எது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்று குறைப்பது பலர் கையாளும் வழி. வேகமாக வெளியேறும் மருந்துகளில் இது உடலை ஊஞ்சலாட்டும், அதனால் இப்போது நிபுணர்கள் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளையும் கேப்சூல்களையும் நீங்களாக உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

நிறுத்தாததும் தோல்வியல்ல

என் மைத்துனிக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தது. பிள்ளையைத் தூக்கவே மறுத்தாள். மருத்துவர் செர்ட்ராலின் கொடுத்தார். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் என்பதால் பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது அதுதான். ஆனால் மாமியார், 'பால் குடிக்கிற பிள்ளைக்கு விஷம்' என்று மாத்திரையை எடுத்து ஒளித்துவிட்டார். மூன்று மாதத்தில் முன்பைவிட மோசமானாள். பிறகு மறுபடி தொடங்கி, ஓராண்டு கழித்து முறையாகக் குறைத்தும் பார்த்தார்கள். நோய் திரும்பியது. இன்று நான்காவது ஆண்டாகச் சாப்பிடுகிறாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், தையல் வேலை செய்கிறாள். அந்த மாமியாரே இப்போது இரவில், "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்கிறார்.

ஈமானும் மாத்திரையும்

மனச்சோர்வு வந்தவர் ஈமான் குறைந்தவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வருத்தத்திலிருந்தும் கவலையிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளவும் சொல்லியிருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி என்பது மார்க்கம் சொன்னதல்ல.

மருந்தை மறுத்தால் என்னவாகும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பின்னாளில் அந்தத் தர்கா பகுதியிலேயே அரசு மனநலச் சிகிச்சையும் வந்தது. துஆவுக்கு வருபவர்கள் மருந்தும் பெற்றுச் செல்லலாம்.

நோன்பு விஷயத்தில் பெரும் குழப்பம் தேவையில்லை. இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். ரமளானுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வேளை மருந்துக்கு மாற்று வழி கேளுங்கள். லித்தியம் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கவே கூடாது, உடலில் நீர் குறைந்தால் அது நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்துவது குறையல்ல.

வளைகுடா செல்லும் சகோதரர்கள் மருத்துவர் சீட்டையும் மாத்திரையின் அசல் அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளோனாசிபாம், அல்பிரசோலாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. முன் அனுமதி தேவையா என்பதைப் பயணத்துக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். லக்கேஜ் வரத் தாமதமானாலும் மருந்து தடைபடாமலிருக்க, அதைக் கைப்பையில் வையுங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியது

மாத்திரையை ஒளிக்காதீர்கள், அதைச் சாப்பிடுபவரை ஒளிந்து சாப்பிட வைக்காதீர்கள். திடீரென்று எரிச்சல், தலைசுற்றல், தூக்கமின்மை தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது, 'மாத்திரை நிறுத்தினீர்களா?' என்பதுதான். டிராமடால் போன்ற வலி மாத்திரைகளையோ நாட்டு மருந்துகளையோ சேர்த்துக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அலட்சியப்படுத்தாமல் உடனே உதவி தேடுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் இலவச மருந்தும் உண்டு.

சென்ற ரமளானில் என் மகள் கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "வாப்பா, உப்பு சரியா இருக்கா பாருங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் மறக்கவில்லை, ஆனால் பயப்படவுமில்லை. இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்காமலிருக்க இந்தக் கட்டுரை உதவினால் போதும். அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் மன நலத்தையும் தந்தருள்வானாக.